விளக்காமல் விட்ட சொற்கள்: விதைநெல்லுக்கு ஆள் தேடிய ஒரு டெல்டா நிகழ்வு ஆய்வு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் 11 சாக்கு விதைநெல் அடுக்கியிருந்தது. காட்டுயானம், பூங்கார், கருப்பு கவுனி, அப்புறம் ஒரே ஒரு சாக்கு குழியடிச்சான். 2025 மாசி மாதம், அறுவடை முடிந்து களம் காய்ந்து கிடந்த நேரம். விளைவித்த ஐந்து குடும்பங்களுக்கும் அதை விற்கும் எண்ணம் இல்லை. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் பழக்கிவிட்டுப் போன வழக்கத்தையே அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் இறந்த பிறகும் இந்தப் பக்கத்தில் அது நின்றுவிடவில்லை. ஆனால் அதற்கேற்ற ஆள் வேண்டும். வாங்கிக் கொண்டுபோய் நிஜமாகவே சேற்றில் இறங்குகிற ஆள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் மறுவருஷம் வந்து என்ன ஆயிற்று என்று சொல்கிற ஆள்.

முந்தைய வருஷம் அவர்கள் கையிலிருந்த வாட்ஸப் குழுக்களில் எல்லாம் "விதை இருக்கிறது" என்று போட்டிருந்தார்கள். ஏகப்பட்ட பேர் வந்து வாங்கிப்போனார்கள். அதில் பலர் அதைக் குத்திப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். நல்ல மனதோடுதான் வாங்கினார்கள், நல்ல மனதோடுதான் சாப்பிட்டார்கள். விதை மட்டும் திரும்பவில்லை.

இந்தத் தடவை என்னிடம் கேட்டார்கள். நான் மன்னார்குடியில் மெய்ப்புத் திருத்துகிறவன். நாளெல்லாம் பிறர் எழுதிய சொற்களோடு கிடப்பதால் இதில் ஏதாவது தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். கும்பகோணத்தில் கணினி வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். கேள்வி இதுதான்: ஒரு குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே பாரம்பரிய நெல் நடுகிறவர்களா என்பதை, அவர்கள் பேசுகிற மொழியை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் நாங்கள் முதலில் தேடிய இடம் தப்பு.

கேட்டு வாங்கியது

11 குழுக்களைக் கேட்டோம். ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் அறிவிப்பு இருந்தது: ஒரு வருஷப் பேச்சை எடுக்கப் போகிறோம், பெயரும் எண்ணும் நீக்கப்படும், வேண்டாம் என்கிறவரின் செய்திகள் அப்படியே விலக்கப்படும். இரண்டு குழுக்கள் மறுத்தன. அவற்றை அத்தோடு விட்டுவிட்டோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத்தான் நடுவில் வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டுத் திண்ணைப் பேச்சைக் கேட்காமல் எழுதிவைக்கக் கூடாது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தானே.

மிஞ்சிய ஒன்பதில் பெயரைப் பார்த்தே நாங்கள் மனதுக்குள் மார்க் போட்டுவிட்டோம். ஒன்றின் பெயரில் 'பாரம்பரியம்' இருந்தது, முகப்பில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் படம். அதுதான் முதல் என்று நினைத்தோம். இன்னொன்று கஜா புயல் உதவிக்காக 2018 நவம்பரில் தொடங்கியது, பெயரை இன்னும் மாற்றவில்லை. அதைக் கடைசியில் போட்டோம். வேளாண் ஆலோசனைக்கென்று ஒன்று, கோயில் திருவிழாக் கமிட்டி ஒன்று, ஒரு வாய்க்காலின் கடைமடைக்காரர்கள், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் நிலத்துக்காரர்கள், சேர்ந்தது ஒன்று, இப்படி.

முதல் எண்ணிக்கை ஏமாற்றியது

முதலில் செய்தது எவருக்கும் தோன்றும் காரியம். இயற்கை, பாரம்பரியம், மரபு, நஞ்சில்லா, நம்மாழ்வார், நாட்டு ரகம் என்று ஒரு பட்டியல் போட்டு, எந்தக் குழுவில் இவை அதிகம் வருகின்றன என்று எண்ணினோம். எதிர்பார்த்தபடியே நம்மாழ்வார் படம் போட்ட குழு எல்லாவற்றையும் தாண்டி நின்றது. கஜா குழு கடைசிக்கு முந்தைய இடம்.

சந்தோஷமாக அந்த முதல் குழுவில் ஒரு செய்தி போட்டுப் பார்த்தோம். பதில் உடனே வந்தது. "ஒரு கிலோ என்ன விலை?" "கூரியர் உண்டா?" "தவிடு நீக்காத அரிசியா கிடைக்குமா?" "சுகர் இருக்கிறவங்க காலையில சாப்பிடலாமா?" அவர்கள் எல்லாரும் அரிசி தேடுகிறவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்த நெல்லை யார் வாங்குவார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாங்கள் தேடியவர்கள் அவர்கள் அல்ல. ஒரே கொள்கை, ஒரே படம், ஒரே முழக்கம், ஆனால் வாழ்க்கை வேறு. பெரிய சொற்களை எண்ணினால் யார் எதைப் போற்றுகிறார்கள் என்று தெரிகிறது. யார் எதைச் செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

எழுத்துகளைத் துடைத்தது

மறுபடி எண்ணுவதற்கு முன்னால் குப்பை அள்ள வேண்டியிருந்தது. காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் போனால் சில குழுக்களில் மிஞ்சுவது கொஞ்சம்தான். எங்கிருந்தோ வந்து கைமாறிப் போகும் நீளமான செய்திகள் வேறு. அவை அந்தக் குழுவின் பேச்சு ஆகாது. ஒரே செய்தி எழுத்து மாறாமல் இரண்டு குழுக்களில் இருந்தால் எடுத்துவிட்டோம். இதைச் செய்ததுமே நம்மாழ்வார் குழுவின் 'இயற்கை' பாதிக்கும் கீழே போய்விட்டது.

அப்புறம் எழுத்துக் கோளாறு. 'கொள்முதல்' என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு துண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு சொல். அதைச் சீராக்கும் முறை ஒருங்குறியிலேயே இருக்கிறது. நண்பர் முதல் வேலையாக அதை ஓட்டினார். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழைக் கையாலேயே மாற்றினோம். 'தண்ணி' என்ற ஒரு சொல்லை ஆட்கள் எத்தனை விதமாக ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால் எந்த நிரலையும் நம்பத் தோன்றாது.

ஓர் இடத்தில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம். வயல், வயலில், வயல்ல, வயலுக்கு என்று உருபு சேர்ந்து வருவதை எல்லாம் வெட்டி 'வயல்' என்று ஒன்றாக்கிவிடலாம் என்றார் நண்பர். எண்ணுவதற்கு அது வசதிதான். ஆனால் ஒருவர் 'வயலில்' என்று எழுதுகிறாரா 'வயல்ல' என்று எழுதுகிறாரா என்பதே எனக்கு வேண்டிய சாட்சியம். நாற்று என்கிறாரா நாத்து என்கிறாரா, விதைத்தோம் என்கிறாரா வெதச்சோம் என்கிறாரா. மெய்ப்புத் திருத்துகிறவன் இதைச் சொல்வது விசித்திரம்தான். நாளெல்லாம் திருத்துகிற அதே பிழைகளைத் திருத்தாதே என்று கெஞ்சினேன். கடைசியில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டோம், வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று.

மா

இரண்டாவது தடவை பட்டியல் எதுவும் போடவில்லை. ஒரு குழுவில் மற்ற எட்டோடு ஒப்பிட்டால் எந்தச் சொல் எதிர்பார்ப்பதைவிட மிகுதியாக வருகிறது என்று கணினியையே கேட்டோம். டெட் டன்னிங் என்ற ஆய்வாளர் 1993-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மொழி ஆய்வில் நிலைத்துவிட்ட கணக்கு இது. எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 20,000 சொல் உள்ள குழுவில் ஒரு சொல் 60 தடவை, 40,000 சொல் உள்ள மற்றொன்றில் 20 தடவை. இரண்டிலும் ஒரே அளவில் புழங்குகிறது என்றால் முதலாவதில் சுமார் 27 தடவைதான் வந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் கணக்கில் போட்டால் 58 என்று ஒரு மதிப்பு வரும். 10.83-ஐத் தாண்டினாலே அது தற்செயலாக நேர ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை என்று கொள்கிறார்கள்.

கடைமடைக் குழுவிலும் கஜா குழுவிலும் மேலே வந்து நின்ற சொற்களைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்டுமுதல். அண்டை. பதர். முறை. மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, ஓரெழுத்துச் சொல்: மா.

டெல்டாவில் நிலத்தை மாவில்தான் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. பத்திரத்தில் ஹெக்டேர் இருக்கும், அரசு அறிவிப்பில் ஏக்கர் இருக்கும், வாயில் மா இருக்கும். "மாவுக்கு என்ன கண்டுமுதல்?" "ஆறு மூட்டை, அதுலயும் பதர்." கண்டுமுதல் என்றால் கிடைத்த விளைச்சல், பதர் என்றால் மணி பிடிக்காத நெல். ஆனால் இந்த இரண்டு வரியில் எதுவும் விளக்கப்படவில்லை. எத்தனை கிலோ மூட்டை என்று கேட்கவில்லை. வயலில் சொல்லும்போது அது 60 கிலோ, கொள்முதல் நிலையத்தில் போடுவது 40 கிலோ சிப்பம், இருவருக்கும் தெரியும்.

கணினி முதலில் இதில் தடுமாறியது என்பதையும் சொல்ல வேண்டும். மாமரமும் மா, அரைத்த மாவும் மா, "சொல்லுமா" என்பதைப் பிரித்துத் தட்டினால் அதுவும் மா. முன்னால் எண்ணுப்பெயரோ 'ஒரு', 'அரை' போன்றதோ இருந்தால் மட்டும், அல்லது 'மாவுக்கு' என்று நின்றால் மட்டும் நிலம் என்று எடுத்தோம். அப்படியும் "மாவுக்கு உப்பு போட மறந்துட்டேன்" என்ற ஒரு வரி வயல் கணக்கில் புகுந்திருந்தது. கையால்தான் எடுத்தோம்.

மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1963-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவில் சில உயிரொலிகளைப் பழைய தீவு வழக்கில் உச்சரிப்பவர் யார் என்று பார்த்தார். தீவிலேயே இருந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களிடம் அது மிகுந்திருந்தது. வெளியேற நினைப்பவர்களிடம் குறைந்திருந்தது. ஏக்கர் என்று சொல்லத் தெரிந்தும் மா என்று சொல்கிறவர்களை எண்ணியபோது எனக்கு அந்தத் தீவுதான் நினைவுக்கு வந்தது.

நம் இலக்கணக்காரர்கள் இதன் பக்கத்தில் எப்போதோ வந்துவிட்டார்கள். குழூஉக்குறி என்று நன்னூல் ஓர் இடம் ஒதுக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகள் காட்டும் எடுத்துக்காட்டு. அங்கே பேசப்படுவது ஒரு கூட்டம் தனக்குள் வைத்துக்கொண்ட சொல். மா அப்படி மறைத்து வைத்த சொல் இல்லை, யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேட்கிறவர் வெளியாள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஒரே கவுனி, இரண்டு பேச்சு

'கருப்பு கவுனி' எல்லாக் குழுக்களிலும் வந்தது. அந்தச் சொல்லை வைத்து யாரையும் பிரிக்க முடியாது. அதனால் அதற்கு முன்னும் பின்னும் ஐந்து ஐந்து சொல் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். நம்மாழ்வார் குழுவில் கவுனியோடு கூட வந்தவை: சத்து, சர்க்கரை, ராஜா, கஞ்சி, கிலோ, ஊறவைத்து. கஜா குழுவில் கூட வந்தவை: சாஞ்சிடுச்சு, கலப்பு, வைக்கோல், எலி, நாள்.

உயரமாக வளரும் பாரம்பரிய ரகங்களில் கதிர் முற்றும் நேரத்தில் மழையோ காற்றோ வந்தால் பயிர் சாய்ந்துவிடும். தண்ணீர் நிற்கும் வயலில் சாய்ந்தால் கதிரிலேயே நெல் முளைத்துவிடும். நட்டவனுக்குக் கவுனி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சாப்பிடுகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இடத்தில்தான் வடுவூர் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். 30 வருஷமாக நடவும் களையுமாக இருப்பவர். குழுவின் பெயர் தெரியாமல் ஐம்பது செய்திகளைத் துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். நட்டவர் எழுதியதா இல்லையா என்று அவர் இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். யோசிக்கவே இல்லை, கீரை ஆய்கிற வேகத்தில் பிரித்துப் போட்டார். மா, அண்டை என்ற சொல் எதுவும் இல்லாத தாள்களைக்கூட.

"எப்படிக்கா கண்டுபுடிக்கிறீங்க?"

"குறை சொல்றாங்களா பாரு தம்பி. வெளைய வச்சவன் குறைதான் சொல்லுவான். நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்றவன் எங்க நட்டான்?"

திரும்பிப் போய் அதையே எண்ணினோம். சாய்ந்தது, பதர், எலி வெட்டு, கலப்பு, ஆனைக்கொம்பன், இலைச்சுருட்டு என்ற பூச்சித் தாக்குதல்கள், ஆள் கிடைக்கலை, தண்ணி ஏறலை. பாராட்டுச் சொற்களுக்கும் குறைச் சொற்களுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தபோது ஒன்பது குழுக்களும் தெளிவாக இரண்டாகப் பிரிந்தன. கஜா குழு குறைகளால் நிரம்பியிருந்தது. புயலில் தென்னை சாய்ந்தவர்களுக்கு உதவி கேட்கத் தொடங்கிய குழு, சிலர் தென்னை போன இடத்தில் திரும்ப நெல்லுக்கு வந்தார்கள், விதை கேட்டார்கள், விதை கொடுத்தார்கள், பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை. நாங்கள் தேடிக்கொண்டிருந்தவர்கள் ஆறு வருஷமாக அங்கேதான் இருந்தார்கள்.

நம்ம, எங்க

ஒரு சிறு விஷயம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', சேர்க்காமல் சொன்னால் 'நாங்கள்'. பேச்சில் நம்ம, எங்க. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் முடித்துவிடுவதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது, அதனால் ஒருவர் எதற்குள் யாரை எல்லாம் சேர்த்துக்கொள்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. 'நம்ம' என்பதற்கு அடுத்து என்ன வருகிறது என்று எடுத்தோம். நம்மாழ்வார் குழுவில்: நம்ம முன்னோர்கள், நம்ம மண், நம்ம பாரம்பரியம். கடைமடைக் குழுவில்: நம்ம வாய்க்கால், நம்ம மடை, நம்ம முறை. முறை என்றால் முறைப்பாசனத்தில் தண்ணீர் விடும் நாள். கஜா குழுவில் 'நம்ம விதை' என்று வந்தது, அதுவும் வேறு வேறு ஊர்க்காரர்கள் வாயில். வேதாரண்யத்துக்காரர் ஒருவர் பட்டுக்கோட்டைக்காரர் விளைவித்ததை 'நம்ம விதை' என்று எழுதியிருந்தார். அவரவர் வயல் பற்றிய பேச்சில் மட்டும் 'எங்க' திரும்பி வந்தது: "எங்க பக்கம் உப்பு ஜாஸ்திண்ணே."

எல்லாம் தெரிந்த குழு

வேளாண் ஆலோசனைக் குழு எங்களைக் குழப்பியது. மா இருந்தது, கண்டுமுதல் இருந்தது, ஆனைக்கொம்பன் இருந்தது, குறையும் இருந்தது. கணக்கு அதை நடுகிறவர்கள் பக்கம் தள்ளியது. ஆனால் வாசித்தால் ஏதோ ஒட்டவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் பிடிபட்டது. அந்தக் குழுவில் சொற்களுக்கு வால் இருந்தது. "ஆனைக்கொம்பன் ஈ தாக்கினால், அதாவது தண்டு வெங்காய இலை போல மாறினால்..." "அண்டை கழித்தல் என்பது வரப்பை ஓரம் வெட்டிச் சீராக்குவது." தொழிற்சொல் வந்ததும் பக்கத்திலேயே 'அதாவது', 'என்பது', 'எனப்படும்' வந்துவிடுகிறது. சொல்லிக்கொடுக்கிறவர்களின் குழு அது. சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிறார். நல்ல குழுதான், ஆனால் ஒத்த கூட்டம் இல்லை.

அதன் பிறகு எங்கள் கணக்கையே மாற்றினோம். ஒரு தொழிற்சொல் எத்தனை தடவை வருகிறது என்பதைவிட, அது எத்தனை தடவை விளக்கம் இல்லாமல் வந்து, யாரும் "அப்படின்னா?" என்று கேட்காமல், உடனே பொருத்தமான பதில் கிடைக்கிறது என்று பார்த்தோம். "சம்பாவுக்கு எது போட்டிருக்கீங்க?" "1009 ரெண்டு மா, காட்டுயானம் ஒரு மா." 1009 ஒரு நெல் ரகத்தின் பெயர், அதை யாரும் விளக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பேச்சு இப்படி நின்றால் போதும். இந்த ஆய்வில் உருப்படியாக ஒன்று கிடைத்தது என்றால் அது இந்த அளவுகோல்தான் என்று நினைக்கிறேன்.

புதிதாக வந்தவர்களிடம் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. திருப்பூர் வேலையை விட்டு ஊர் திரும்பிய ஓர் இளைஞர் கஜா குழுவில் சேர்ந்த புதிதில் ஏக்கர் என்றே எழுதினார். யாரும் திருத்தவில்லை. மூன்று மாதத்தில் அவரே "அரை மா நாத்து மிச்சம் இருக்குண்ணே" என்று எழுதினார். 2013-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், பீர் சுவையைப் பற்றி எழுதும் இரண்டு பெரிய இணையச் சமூகங்களின் பல வருஷப் பேச்சை வைத்து இதையே காட்டினார்கள்: புதியவர் முதலில் கூட்டத்தின் சொற்களைக் கற்றுக்கொள்கிறார், ஒரு கட்டத்துக்கு மேல் அவர் மாறுவதில்லை, கூட்டம் மாறிக்கொண்டே போகிறது, இடைவெளி கூடுகிறது. எங்கள் குழுக்களில் அந்த இரண்டாம் பாதியைப் பார்க்க ஒரு வருஷப் பேச்சு போதாது.

தண்ணீர் வந்த நாள்

சொற்களை மட்டும் நம்பாமல் நாட்காட்டியையும் வைத்துப் பார்த்தோம். மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2024-இல் அணையில் போதிய நீர் இல்லாமல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். நிஜமாக நடுகிறவர்களின் பேச்சு அதோடு நகர வேண்டும். நகர்ந்தது. கடைமடைக் குழுவிலும் கஜா குழுவிலும் நாத்து, உழவு, விதை ஊறவச்சாச்சு என்பதெல்லாம் ஆகஸ்டுக்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போயின, ஜூனில் வெறும் "தண்ணி எப்ப?" மட்டும். நம்மாழ்வார் குழுவில் ஏற்ற இறக்கம் வேறு விதம். அவருடைய நினைவு நாளான டிசம்பர் 30-ஐ ஒட்டி ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. ஆற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது அந்தப் பேச்சில் தெரியவே இல்லை.

ஒரு சொல் எங்களை நன்றாக ஏமாற்றியதையும் சொல்லிவிடுகிறேன். விளிச்சொற்களை வைத்துக் கட்சி சார்ந்த குழுக்களைத் தனியே ஒதுக்கலாம் என்று நினைத்தோம். தமிழ்நாட்டில் அது பொதுவாகப் பலிக்கும். உடன்பிறப்பே என்றாலும் ரத்தத்தின் ரத்தமே என்றாலும் சொல்கிறவர் யார் என்று குழந்தைக்கும் தெரியும். அதே நினைப்பில் 'தோழர்' வருகிற ஒரு குழுவை ஒதுக்கினோம். தப்பு. கீழத்தஞ்சையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் காலத்து விவசாயிகள் இயக்கத்திலிருந்து தோழர் என்பது சில ஊர்களில் அண்ணே போல வீட்டுச் சொல்லாகிவிட்டது. கட்சி மாறியவர்களும் கட்சியே இல்லாதவர்களும் அப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்தக் குழுவைத் திரும்பச் சேர்த்தோம். விதை வாங்கியவர்களில் மூன்று பேர் அங்கிருந்து வந்தவர்கள்.

எழுத்தில் இல்லாதவர்கள்

எங்கள் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது, அதை அக்காதான் காட்டினார். "பொம்பளைங்க பேசுனது எங்க இதுல?" உண்மைதான். ஏற்றுமதி செய்த பேச்சில் எழுத்து மட்டும்தான் இருந்தது, குரல் செய்திகள் வெறும் கோப்புப் பெயராக நின்றன. கஜா குழுவில் பெண்கள் பலரும் குரலில்தான் பேசுகிறார்கள். நடவு வயலில் கரையேறி, சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருக்க முடியுமா? அனுமதி கேட்டு, இரண்டு நாள் குரல் செய்திகளை மட்டும் உட்கார்ந்து எழுதினோம். அந்த இரண்டு நாளிலேயே நாத்து முடி, கட்டு, ஆள் கணக்கு, கூலிக் கணக்கு என்று எழுத்தில் அபூர்வமாக வந்தவை எல்லாம் குவிந்தன. எந்த ரகத்தின் நாற்று பறிக்கும்போது வேர் அறுகிறது, எது லேசாக வருகிறது என்று ஒருவர் நாலு நிமிஷம் பேசியிருந்தார். அப்படி ஒரு தகவலை நான் எங்கும் அச்சில் திருத்தியதில்லை.

பட்டியலை என்ன செய்தோம்

ஒன்பது குழுக்களில் நான்கைத் தேர்ந்தெடுத்தோம்: கஜா, கடைமடை, தோழர் குழு, அப்புறம் யாருமே எதிர்பாராத கோயில் கமிட்டி. அந்தக் கமிட்டிக்காரர்கள் தேர்ச் செலவுக் கணக்குக்கு நடுவில் மாப்பிள்ளைச் சம்பா பற்றிப் பேசிக்கொள்கிறவர்கள்.

அந்தப் பெயர்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டோம், பேச்சுக் கோப்புகளையும் சேர்த்து. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். விதைக்கு ஆள் தேட உதவிய அதே கணக்கு வேறு காரியத்துக்கும் உதவும். மழை வாரத்தில் ஈரப்பதம், தார்ப்பாய், முளைச்சிடுச்சு என்ற சொற்கள் எந்தக் குழுவில் பொங்குகின்றன என்று பார்த்தால், கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அடிமாட்டு விலை கேட்டு வருவதற்கு அது போதும். 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்த மாதிரி நாளை ஒரு பிரச்சினை வந்தால், யார் உட்காரப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொடுக்கவும் இதனால் முடியும். எங்கள் நிரலை இரண்டு பேர் கேட்டார்கள். எதற்கென்று தெளிவாகச் சொல்லாததால் கொடுக்கவில்லை.

ஆடி

2025-இல் மேட்டூரை ஜூன் 12-இல் திறந்துவிட்டார்கள். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தாழ்வாரத்தில் விதை கொடுத்தார்கள். கூட்டம் முந்தைய வருஷத்தைவிடக் குறைவு. வந்தவர்கள் யாரும் விலை கேட்கவில்லை. ஒருவர் கை நிறைய நெல்லை அள்ளி, கலப்பு இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இன்னொருவர் மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

வேதாரண்யத்துக்காரர் வந்ததும் "குழிவெடிச்சான் இருக்கா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகம் வாடியது. நான் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் சாக்கில் எழுதியிருந்தது குழியடிச்சான். உப்பு நிலத்துக்கு ஏற்ற அதே நெல்தான், ஊருக்கு ஒரு பெயர். கணினியிலும் இரண்டையும் இரண்டு ரகமாகவே எண்ணியிருந்தோம், நான்கு மாதம், இரண்டு பேர் உட்கார்ந்து. அவர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 4 கிலோ எடுத்துக்கொண்டார்.

கார்த்திகை மழைக்குப் பிறகு கஜா குழுவில் அவர் ஒரு செய்தி போட்டிருந்தார். "கவுனி ஒரு மா சாஞ்சிடுச்சுண்ணே. குழிவெடிச்சான் நிக்குது. எலிதான் தொல்லை." கீழே பட்டுக்கோட்டைக்காரர் பதில் போட்டிருந்தார்: "நம்மளுதும் அதே கதைதான். கதிரு தண்ணில கெடந்தா உடனே அறுத்துரு."